பேஸ் அடித்தால் லைட் மங்குவது முதல் எஃப்எம் இரைச்சல் வரை: கார் ஓடியோ வயரிங்கில் பிழை பிடிக்கும் முறை

சத்தம் சரியில்லை என்றதும் முதல் பழி அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபையர்) மேல் விழும், அடுத்தது ஸ்பீக்கர் மேல். வயர் கார்ப்பெட்டுக்குக் கீழே போய்விட்டதால் அதை யாரும் நினைப்பதில்லை. வயரைச் சந்தேகப்படுகிறவர்களும் அதன் நடுப்பகுதியைத்தான் பார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் இருப்பது இரண்டு நுனிகளில்: பற்றரி லக் (கேபிள் நுனியில் அழுத்திய உலோக வளையம்), பியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் (கழித்தல் கேபிளைக் காரின் உலோக உடம்போடு பிணைப்பது). கொழும்பில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து இந்த நுனிகளைத்தான் முதலில் தின்னும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மீட்டர், ஐந்து மீட்டர் மெல்லிய வயர், ஹோல்டரோடு ஒரு 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்ப், எமரி பேப்பர், பற்றரி முனைக்கு 10 இலக்க ஸ்பானர், ஃபோனில் 50 ஹேர்ட்ஸ் டோன் ஒன்று. பாட்டு ஏறி இறங்குவதால் மீட்டரில் எண் நிற்காது. டோன் போட்டால் நிற்கும். அரை நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள், சப்பின் (பேஸ் ஸ்பீக்கரின்) சுருள் சூடாகிவிடும்.

வயரைக் கழற்றுவதற்கு முன் பற்றரியின் கழித்தல் முனையை எடுத்துவிடுங்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறக் கேபிளின் பக்கமே போகக்கூடாது. அதில் ஓடுவது 12 வோல்ட் இல்லை, நூற்றுக்கணக்கான வோல்ட். மஞ்சள் நிறப் பிளக் பெரும்பாலும் எயார்பேக்குக்குப் போவது. அதிலும் மீட்டர் ஊசியை வைக்காதீர்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

இதற்குக் கடையில் கிடைக்கும் முதல் ஆலோசனை "ஒரு கெப்பசிட்டர் போடுங்கோ அண்ணே" என்பதுதான். போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஃபேரட் கெப்பசிட்டர் 14.4 வோல்ட்டில் இருந்து 12.5க்கு இறங்கும்போது கொடுக்கக்கூடியது 1.9 கூலோம். அம்ப் 60 அம்பியர் இழுத்தால் அது ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குக் காணும். ஒரு பேஸ் அடியே அதைவிட நீளம். மங்கலை அது கொஞ்சம் மென்மையாக்கலாம், காரணம் அப்படியே இருக்கும்.

காரணத்தை இப்படிப் பிடிக்கலாம். என்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர் போன்ற சில வண்டிகளில் சார்ஜை கம்பியூட்டர் ஏற்றி இறக்கும். அங்கே எண் அசைந்தால் பயப்பட வேண்டாம், பல தடவை பாருங்கள். பிறகு டோனைப் போட்டு, வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: பற்றரி முனைகளில் ஒன்று, அம்ப்பின் ஸ்குரூக்களில் ஒன்று.

பற்றரியில் 13.8 அப்படியே நிற்க, அம்ப்பில் 12.6 வந்தால் பிழை வயரிங்கில். பற்றரியிலேயே 12.3க்கு விழுந்தால், எவ்வளவு தடித்த கேபிள் வாங்கினாலும் காசுதான் போகும். அங்கே பற்றரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஒல்டர்னேட்டர் கொடுப்பதைவிட நீங்கள் இழுப்பது கூட. வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிவரை ஏசியும் போட்டு ஊர்ந்துகொண்டு போகும்போது என்ஜின் சுற்று குறைவு, ஒல்டர்னேட்டரின் வரத்தும் குறைவு. மங்கல் அந்த நேரத்தில் மட்டும் வந்து, வேகமாக ஓடும்போது மறைந்தால் சந்தேகம் இந்தப் பக்கம்.

பிழை வயரிங்கில்தான் என்று தெரிந்த பிறகு செய்யும் சோதனைதான் இதில் மிக முக்கியமானது. பலர் வயரை ஓம் அளவில் பார்த்து "தொடர்ச்சி இருக்கு, வயர் நல்லம்" என்று முடித்துவிடுவார்கள். மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். நாம் தேடுவது அதில் நூறில் சில பங்குதான். அதனால் தடையை அளக்க வேண்டாம், இழப்பை அளந்து பாருங்கள்.

1. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு ஊசியைப் பற்றரியின் கூட்டல் முனையில், லக்கில் அல்ல, ஈயத் தூணிலேயே அழுத்துங்கள்.
2. மற்ற ஊசியை அந்த ஐந்து மீட்டர் வயரால் நீட்டி, அம்ப்பின் கூட்டல் ஸ்குரூவில் வையுங்கள். இந்த வயரில் மின்னோட்டம் ஓடாது, மெல்லியதாக இருந்தாலும் குற்றமில்லை.
3. டோனைப் போடுங்கள். மீட்டர் காட்டுவது கூட்டல் பக்கத்தில் தொலைந்துபோகும் வோல்ட்.
4. இதையே கழித்தல் பக்கத்திலும் செய்யுங்கள்: பற்றரியின் கழித்தல் தூணில் இருந்து அம்ப்பின் எர்த் ஸ்குரூவரை.

இரண்டையும் கூட்டி 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கைக் குறை சொல்ல முடியாது. கூட வந்தால் துண்டு துண்டாக நெருங்குங்கள்: தூணில் இருந்து லக்குக்கு, லக்கில் இருந்து பியூஸ் ஹோல்டரின் உள்பக்கத்துக்கு, பியூஸின் இரண்டு முனைகளுக்கு இடையில், பியூஸில் இருந்து அம்ப்புக்கு. தூணுக்கும் லக்குக்கும் இடையிலேயே 0.3 வோல்ட் கண்டால், புதுக் கேபிள் வாங்கப் போக வேண்டியதில்லை. முனையைக் கழற்றி, வெள்ளைப் பொடியைக் கொதிநீரால் கழுவி, எமரி போட்டு இறுக்கினால் போதும். கழித்தல் பக்கத்தில் கூடுதலாக வந்தால் எர்த் போல்ட்டையும், பற்றரியில் இருந்து காரின் பொடிக்கு (உலோக உடம்புக்கு) போகும் கம்பெனிக் கேபிளையும் பாருங்கள். தடித்த கேபிளைக் கூட்டலுக்கு மட்டும் போட்டு, எர்த்தை இருக்கிற வயரில் விடுவது வழக்கமான தவறு. போன மின்னோட்டம் முழுக்கத் திரும்பியும் வர வேண்டும்.

எர்த் போல்ட் சரியாக இருப்பது எப்படி? பெயின்டை வெள்ளி உலோகம் தெரியும்வரை சுரண்டியிருக்க வேண்டும். லக் நேரே உலோகத்தில் உட்கார வேண்டும், பல் வாஷர் அதற்கு மேலே. இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசலாம், இறுக்க முன் பூசத் தேவையில்லை. கேபிள் அரை மீட்டருக்குள், கூட்டல் கேபிளின் அதே தடிப்பில். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். சீட்டைப் பிடிக்கும் தண்டவாளத்திலும் வேண்டாம், பெயின்டும் கிரீஸும் நடுவில் நிற்கும். துளை போடுவதாக இருந்தால் முதலில் கீழே குனிந்து, மறுபக்கத்தில் பெற்றோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று பாருங்கள். கழித்தல் முனையில் சின்னக் கறுப்புச் சென்சர் ஒன்று மாட்டியிருந்தால், உங்கள் எர்த்தை நேரே தூணில் கட்டாதீர்கள். சென்சருக்கு அந்தப் பக்கம், பொடியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் காரின் கம்பியூட்டர் பற்றரிக் கணக்கைத் தவறாக வைக்கும்.

கேபிள் மாற்றத்தான் வேண்டும் என்றால்

பெட்டியில் 2000 வாட் என்று எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். அம்ப்பின் உடம்பில் குத்தியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் இரண்டு என்றால் அது இழுக்கக்கூடியது 60 அம்பியர். 13.8 வோல்ட்டில் உள்ளே போவது 828 வாட். அம்ப்பின் உள்ளமைப்பு ஏபி வகை என்றால் ஏறத்தாழ பாதியும் கொஞ்சமும், டி வகை என்றால் ஐந்தில் நான்கு பங்குவரை சத்தமாக வெளியே வரும், மிச்சம் சூடு. கேபிள் தெரிவுக்கு வேண்டியது அந்த 60 மட்டும்தான்.

பொனட்டில் இருந்து டிக்கிவரை 4.5 மீட்டர் என்று வைத்தால், 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கேபிள் தடிக்கும்) சுத்தச் செம்பில் 60 அம்பியருக்கு ஏறத்தாழ 0.55 வோல்ட் தொலையும். 4 கேஜில் 0.22. ஆகவே 30 அம்பியர்வரை 8 கேஜ் தாராளம், 50 முதல் 100வரை 4 கேஜ், அதற்கு மேல் 0 கேஜ். அக்குவாவில் 12 வோல்ட் பற்றரி பின்சீட்டுக்குக் கீழே, முப்பதாம் இலக்க (மூன்றாம் தலைமுறை) பிரியஸில் பின்பக்க வலது மூலையில். டிக்கியில் அம்ப் வைத்தால் ஒன்றரை மீட்டர் போதும், பொனட்டுக்குக் கேபிள் இழுக்கும் வேலையே இல்லை. இது தெரியாமல் முன்பக்க ஜம்ப் முனையில் இருந்து இழுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த முனை அவசரத்துக்கு ஸ்டார்ட் செய்யவே வைத்தது.

இலக்கத்தை நம்புவதற்கு முன் உலோகத்தைப் பாருங்கள். 4 கேஜ் என்றால் 21 சதுர மில்லிமீட்டர் உலோகம், 8 கேஜ் என்றால் 8.4. முதலாம் குறுக்குத் தெருவில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் பாதித் தடிப்பு பிளாஸ்டிக்காகவே இருக்கலாம். "ஃபுல் கொப்பர் தம்பி" என்று சொன்னாலும், வெட்டிய நுனியில் ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடை மொழியில் சிசிஏ. ஈயம் பூசிய செம்பு இதற்கு எதிர்மாறு: வெளியே வெள்ளி, சுரண்டினால் சிவப்பு. அது நல்ல சரக்கு, கடற்கரைப் பக்கத்துக்கு வெறும் செம்பைவிடப் பொருத்தம். சுரண்ட விடாவிட்டால் தூக்கிப் பாருங்கள். 4 கேஜ் ஒரு மீட்டரில் செம்பு மட்டுமே 190 கிராம். உறையோடு சேர்த்தும் 150 கிராம் வராத "4 கேஜ்" ஒன்றில் அலுமினியம், அல்லது பிளாஸ்டிக், அல்லது இரண்டும்.

சிசிஏ போடவே கூடாது என்றில்லை. செம்பைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் தடை, எனவே ஒரு படி தடித்ததாக எடுக்க வேண்டும். ஆனால் பிரச்சினை தடையோடு முடிவதில்லை. ஸ்குரூவுக்குக் கீழே அலுமினியம் நாளாக நாளாக நசிந்து தளரும், ஈரப்பதன் பட்டால் வெள்ளைப் பொடியாகும். பொனட்டுக்குள் இதைப் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. நல்ல மாற்று ஒன்று ஹார்ட்வெயர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் செம்பு வெல்டிங் கேபிள். 25 சதுர மில்லிமீட்டர் ஒன்று 4 கேஜைவிடத் தடித்தது, நன்றாக வளையும். இதிலும் சிசிஏ வருகிறது, சுரண்டிப் பார்க்கத்தான் வேண்டும். பொனட்டுக்குள் மட்டும் சூடு தாங்கும் உறைக் குழாய்க்குள் விடுங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஏழு இழைக் கம்பியை மட்டும் கொண்டுவராதீர்கள். தடிப்பான இழைகள், அதிர்வில் லக்கின் வாயில் முறியும்.

லக்கில் சுத்தியலால் அடித்து நசுக்கியது பிடித்ததுபோலத்தான் தெரியும், ஒரு வருடத்தில் சூடாகும். 25 சதுர மில்லிமீட்டர் லக், 8 மில்லிமீட்டர் துளை, ஹைட்ரோலிக் கிரிம்பர். கிரிம்பர் இல்லாவிட்டால் கேபிளைக் கொண்டுபோய் லக் விற்கும் இடத்திலேயே அழுத்தித் தரச் சொல்லலாம்.

பியூஸ் போகிறது, அல்லது பியூஸ் போகாமல் ஹோல்டர் உருகுகிறது

பியூஸ் காப்பது கேபிளை, அம்ப்பை அல்ல. அதனால் அதன் இடம் பற்றரியில் இருந்து 45 சென்ரிமீட்டருக்குள். டிக்கியில் அம்ப்புக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் வைத்தால், ஃபயர்வோல் துளையில் கேபிள் உரசிப் பொடியில் பட்டால் தடுக்க ஒன்றுமில்லை, தீதான். துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். அளவு: செம்பு 8 கேஜுக்கு 60 அம்பியர், 4 கேஜுக்கு 100 முதல் 125, 0 கேஜுக்கு 250 அளவு. அம்ப் இழுப்பது குறைவென்றால் பியூஸும் குறைவாக இருக்கலாம். கேபிள் தாங்குவதைவிடக் கூடக் கூடாது.

போகும் பியூஸுக்கு மேல் பியூஸ் வாங்கிப் பரீட்சை செய்யாமல், பியூஸின் இடத்தில் அந்த 21 வாட் பல்பைக் கட்டுங்கள். செட் (டாஷ்போர்டில் உள்ள பிளேயர்) நிறுத்தியிருக்கும்போது பல்ப் ஒருகணம் மின்னி அணைந்தால் அது சரி, அம்ப்பின் கெப்பசிட்டர் நிரம்பியது. நின்று எரிந்தால் பொடியில் எங்கோ பட்டிருக்கிறது. அம்ப்பின் பக்கத்துக் கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் கேபிள், அணைந்தால் அம்ப். கூட்டலும் கழித்தலும் ஒருமுறை மாறிக் கட்டப்பட்ட அம்ப்பில் உள்ளே இருக்கும் டயோட் ஷோர்ட்டாகி இப்படிக் காட்டும். செட்டைப் போட்ட பிறகு மட்டும் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால், அம்ப்பின் பவர் பகுதி போய்விட்டது. இரண்டிலும் ரிப்பேர்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

பல்ப் சோதனையில் ஒன்றும் இல்லை, பியூஸ் கம்பி முழுசாக இருக்கிறது, ஆனால் ஹோல்டரின் பிளாஸ்டிக் மஞ்சளாகி இளகியிருக்கிறது என்றால், அது மின்னோட்டம் கூடியதால் அல்ல, தொடுப்பு தளர்ந்ததால். ஹோல்டரின் சின்னக் கிரப் ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள்: கேபிளின் இழைகளில் பாதி வெட்டுப்பட்டிருக்கும், மீதி கறுத்திருக்கும், ஸ்குரூவுக்குக் கீழே கடுகளவு இடத்தில் மட்டும் பளபளப்பு. 60 அம்பியரும் அந்தக் கடுகு வழியாகத்தான் போனது. நுனிக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழாய்) போட்டு இறுக்குங்கள், ஒரு மாதம் ஓடியபின் திரும்பவும் இறுக்குங்கள். கேபிளின் முழு நீளமும் கைக்குச் சூடாக இருந்தால் கதை வேறு. அது மெல்லிய கேபிள். 8 கேஜ் சிசிஏயில் 60 அம்பியர் போனால் கார்ப்பெட்டுக்குக் கீழே 50 வாட்டுக்கு மேல் சூடாகப் போகிறது, ஒரு பழைய குண்டு பல்பை அங்கே எரியவிட்ட மாதிரி.

என்ஜின் சுற்றோடு சேர்ந்து ஏறும் கீச்சுச் சத்தம்

அக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பவர் கேபிளும் ஆர்சிஏயும் (செட்டில் இருந்து அம்ப்புக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் கேபிள்) பக்கம் பக்கமாகப் போனதுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். தனித்தனிப் பக்கம் இழுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கார்ப்பெட்டைக் கிழித்து வயரை மாற்றிப் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். செட்டின் எர்த்தும் அம்ப்பின் எர்த்தும் ஒரே அளவில் இல்லாமல், அந்த வித்தியாசம் ஆர்சிஏயின் வெளி உறை வழியாக ஓடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் சிகரட் லைட்டரில் குத்தியிருக்கும் ஃபோன் சார்ஜரைக் கழற்றுங்கள். சார்ஜர் ஒரு பக்கம், ஓக்ஸ் கேபிள் மறு பக்கம் என்று ஒரே ஃபோனில் இரண்டும் இருந்தால் எர்த் வட்டம் அங்கேயே உருவாகிவிடும். இரைச்சல் நின்றால் வேலை முடிந்தது: புளூடூத்தில் கேளுங்கள், அல்லது ஓக்ஸ் கேபிளில் ஐசொலேட்டர் ஒன்று.

நிற்கவில்லையா, செட்டை நிறுத்திவிட்டு அம்ப்பில் ஆர்சிஏ இரண்டையும் கழற்றி, செட்டை மட்டும் திரும்பப் போடுங்கள். கீச்சு அப்படியே இருந்தால் அம்ப்பின் எர்த்தையோ பவரையோ பாருங்கள். போய்விட்டால் முன்பக்கத்தில் இருந்துதான் வருகிறது. ஆர்சிஏயை மறுபடி மாட்டி, செட்டின் உலோக உடம்பில் இருந்து அம்ப்பின் எர்த் போல்ட்டுக்கு ஒரு தற்காலிக வயர் இழுங்கள். சத்தம் குறைந்தால் செட்டின் எர்த் பலவீனம். கறுப்பு வயரைக் கம்பெனி ஹார்னஸில் விடாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகத்தில் நேரே கட்டுங்கள். குறையாவிட்டால், ஆர்சிஏயைக் கழற்றி, செட்டின் ஆர்சிஏ வாயின் வெளி வளையத்துக்கும் செட்டின் உடம்புக்கும் இடையில் ஓம் பாருங்கள். தொடர்பே இல்லை என்று காட்டினால் உள்ளே உள்ள மெல்லிய எர்த் தடம் எரிந்துவிட்டது. அம்ப்பின் எர்த்தைக் கட்டாமல் ஆர்சிஏயை மட்டும் மாட்டிப் பவர் கொடுத்தால் அம்ப்பின் மின்னோட்டம் முழுக்க அந்த நூல் வழியாகத் திரும்பப் பார்க்கும். பூட்டும்போது எர்த் முதலில், ஆர்சிஏ கடைசியில் என்பது இதனால்தான்.

இவ்வளவும் சரி என்றால் ஒல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகப்படலாம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, என்ஜின் ஓடும்போது பற்றரியில் பாருங்கள். 0.1க்குள் என்றால் நல்லம், 0.5 என்றால் ஒல்டர்னேட்டரைக் கழற்றலாம். மலிவு மீட்டர்கள் இந்த இடத்தில் 28 என்று பயமுறுத்தும். ஊசிகளை மாற்றி வைத்தால் பூச்சியம் என்றால் மீட்டர்தான் பொய் சொல்கிறது.

அம்ப் புரொடெக்ட் (தற்காப்பு) லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது

ஸ்பீக்கர் வயர்கள் முழுவதையும் அம்ப்பில் இருந்து கழற்றிவிட்டுப் போடுங்கள். லைட் இன்னும் எரிந்தால் அம்ப்பின் உள்ளே. அணைந்தால் ஒவ்வொன்றாக மாட்டி எது குற்றவாளி என்று பாருங்கள். அந்த வயரின் இரண்டு முனையும் காரின் பொடியோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். மீட்டர் தொடர்பு காட்டினால் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் காரின் தூணுக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவு திறந்து மூடி அங்கேதான் உறை தேயும். அடுத்தது ஸ்பீக்கர் முனை, கண்ணாடியை முழுக்க இறக்கும்போது மட்டும் படலாம். அம்ப் பக்கத்தில் ஸ்குரூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையும் போதும்.

சத்தம் கூட்டினால் மட்டும் வருகிறதா? ஸ்பீக்கர்களின் ஓமைக் கணக்கிடுங்கள். மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.7வரை காட்டும், அது சரி. இரண்டு 4 ஓம் சப்பைச் சமாந்தரமாகக் கட்டினால் 2 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சனலை ஒன்றாக்கிய) அம்ப்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே ஒத்துக்கொள்ளாது. ஓம் சரியாக இருந்தும் நின்றால் மேலே சொன்ன இழப்புச் சோதனைக்குத் திரும்புங்கள். வோல்டேஜ் விழும்போதும் அம்ப் இதே சிவப்பு லைட்டைத்தான் காட்டும்.

செட்டையே அம்ப் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: ஸ்பீக்கரின் கழித்தல் வயர்களை எல்லாம் சேர்த்து எர்த்தில் கட்டும் பழைய பழக்கம் இன்றைய செட்டின் ஐசியைக் கொல்லும். நான்கு ஸ்பீக்கருக்கும் எட்டு வயர், எட்டும் தனித்தனி. டொயோட்டாவின் கம்பெனி ஹார்னஸில் முன் இடது இளஞ்சிவப்பும் ஊதாவும், முன் வலது இளம்பச்சையும் நீலமும், பின் இடது கறுப்பும் மஞ்சளும், பின் வலது சிவப்பும் வெள்ளையும். எல்லாவற்றிலும் முதல் நிறம் கூட்டல். இந்த மஞ்சளையும் சிவப்பையும் பவர் என்று நினைத்து வெட்டி ஒட்டியவர்கள் பலர். அதே ஹார்னஸில் நிரந்தர 12 வோல்ட் நீலத்தில் மஞ்சள் கோடு, சாவிக்கு வருவது சாம்பல், எர்த் பிரவுன். பஞ்சிகாவத்தையில் பிளக் தேடி வாங்கி மாட்டினால் வெட்டவே தேவையில்லை.

அம்ப் உயிரே இல்லை, அல்லது எஃப்எம்மில் மட்டும் உயிர் வருகிறது

மூன்று இடம் அளந்தால் போதும். அம்ப்பின் கூட்டலுக்கும் எர்த்துக்கும் இடையில் 12 இருக்கிறதா? கூட்டலுக்கும் வேறொரு வெற்று உலோகத்துக்கும் இடையில் 12 இருந்து, எர்த்தோடு மட்டும் இல்லை என்றால் எர்த் கழன்றிருக்கிறது. ரிமோட் ஸ்குரூவில் (அம்ப்பை விழிக்கச் சொல்லும் வயர் வரும் இடம்) செட்டைப் போடும்போது 11க்கு மேல் வருகிறதா?

எஃப்எம் போட்டால் பாடி, புளூடூத்துக்கு மாறியதும் நிற்பது வயரிங் பிழைகளில் எல்லாரையும் அதிகம் குழப்புவது, ஆனால் திருத்துவதற்கு மிக இலகு. செட்டில் இரண்டு நீல வயர் இருக்கும். வெறும் நீலம் அன்டெனாவுக்கு, பல செட்களில் ரேடியோ ஓடும்போது மட்டும் 12 கொடுக்கும். நீலத்தில் வெள்ளைக் கோடு அம்ப்புக்கு. மாறிக் கட்டியிருக்கிறார்கள், மாற்றிக் கட்டுங்கள். மலிவு அன்ட்ரொயிட் செட்களில் நிறத்தை நம்பாமல் உறையில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள்.

அந்த வெறும் நீல வயரை எங்கும் கட்டாமல் விட்டால் எதிர்ப்பக்கப் பிழை: செட் மாற்றிய பிறகு எஃப்எம் கரகரப்பு. ஜப்பான் கார்கள் பலவற்றில் அன்டெனாவுக்குள் ஒரு பூஸ்டர் இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் வேண்டும். கட்டியும் கரகரத்தால் ரிவர்ஸ் கமரா, டாஷ் கமரா, எல்இடி பல்ப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஜப்பானின் பழைய செட் 76 இல் இருந்து 90வரைதான் பிடிக்கும் என்பதால் போட்ட பாண்ட் எக்ஸ்பாண்டர் இன்னும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புதுச் செட்டுக்கு அது தேவையில்லை.

காலையில் பற்றரி செத்துக் கிடக்கிறது

ரிமோட் வயரை நிரந்தர 12இல் கட்டியிருந்தால் அம்ப் இரவு முழுக்க விழித்திருக்கும். டிக்கியைத் திறந்து அம்ப்பின் லைட் எரிகிறதா, உடம்பு இளஞ்சூடா என்று பார்த்தாலே தெரியும். அப்படி இல்லாவிட்டால் மீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, பற்றரியின் கழித்தலுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணித்தியாலம் விடுங்கள், கார் கம்பியூட்டர்கள் உறங்க நேரம் எடுக்கும். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் சரி. 500 என்றால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணித்தியாலம், சின்னக் காரின் 35 அம்பியர் மணித்தியாலப் பற்றரி மூன்று நாளில் காலி. ஓடியோ பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், எண் விழும் இடம்தான் பதில். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் பியூஸ் போகும்.

பேஸ் இல்லை, சத்தம் மெலிந்து கிடக்கிறது

இடது வலது ஸ்பீக்கர்களில் ஒன்று கூட்டல் கழித்தல் மாறியிருக்கலாம். பெலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் கூடுகிறது, நடுவில் வைத்தால் போகிறது என்றால் இதுதான். அம்ப்பில் இருந்து கழற்றிய வயரில் 1.5 வோல்ட் பென் டோர்ச் பற்றரியை ஒரு தட்டுத் தட்டுங்கள். கூட்டலுக்குக் கூட்டல் என்றால் கூம்பு வெளியே வரும்.

கதவு ஸ்பீக்கருக்கு 16 கேஜ் போதும், சப்புக்கு 12. ஐந்து மீட்டர் தூரத்தில் 18 கேஜ் போக வர 0.2 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் அது இருபதில் ஒரு பங்கு. காதுக்கு எட்டாது. ஸ்பீக்கர் வயருக்குச் செலவழிக்க நினைத்த காசை லக்குக்கும் கிரிம்பருக்கும் போடுங்கள்.

மழை பெய்தால் மட்டும் வரும் பிழை

ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டு வருவது, அம்ப் திடீரென நிற்பது. கதவு ரப்பர் குழாயில் வயர் மேலிருந்து கீழாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் தண்ணீரும் அதே வழியில் காருக்குள் வரும். உள்ளே நுழைவதற்கு முன் வயரில் ஒரு தொங்கல் வையுங்கள், துளி அங்கேயே விழும். டேப் சுற்றிய இணைப்புகளை அவிழ்த்தால் பசை ஒழுகி, செம்பு பச்சையாக இருக்கும். பச்சை உறைக்குள்ளும் ஏறியிருக்கும், அதனால் செம்பு சிவப்பாகத் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். கார் வெள்ளத்தில் நின்றிருந்தால் சீட்டுக்குக் கீழே வைத்த அம்ப்பைக் காயவைத்துப் பவர் கொடுக்க அவசரப்படாதீர்கள். பற்றரிப் பக்கத்துப் பியூஸை எடுத்துவிட்டு, அம்ப்பைக் கழற்றித் திறந்து, சேற்றைக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு முதலில் அந்த 21 வாட் பல்ப் வழியாகப் போட்டுப் பாருங்கள்.